குன்னத்து மண், நூற்றெண்பது அடி

நான் சேறு கழுவிச் சம்பாதிக்கிறவள். வட ஜெர்மனியில் மழை ஓயாத ஒரு துறைமுக ஊரில், ஓர் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் நீளமான தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் முன்னால்தான் பதினோரு வருடமாக நிற்கிறேன். அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் கப்பலை நிறுத்தி, கடலின் அடித்தரையைத் துளைத்து எடுத்த மண் எனக்கு வரும். மாவு சலிக்கும் சல்லடையைவிடப் பலமடங்கு பொடிக் கண் உள்ள சல்லடையில் போட்டுக் கழுவுவேன். சேறு போய்விடும், மணல்போலக் கொஞ்சம் தங்கும். அதில் பாதி மணலே அல்ல. கடலில் மிதந்து வாழ்ந்து செத்த பொடி உயிர்களின் ஓடுகள். எந்த ஓடு கிடக்கிறது என்று பார்த்து, டைனோசர் காலத்தில் அந்தக் கடல் சில்லிட்டுக் கிடந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்று படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஊரில் என்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தப் போனதில்லை.

இந்த முறை ஊருக்குக் கிளம்பியபோது விடுமுறை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். நான் போனது ஒரு கைப்பிடி களிமண்ணைத் தேடி.

போன வருடம் வந்திருந்தபோது, குன்னத்துக்குப் பக்கத்தில் என் தம்பி குமரேசனின் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றெண்பது அடியில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று களிமண் வந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். ஓடையில் கல் பொறுக்கினால் கல்லாகிப்போன சிப்பி வரும், எங்களுக்கு அது அதிசயமே இல்லை. ஆனால் நான் கழுவுகிற தென்முனை மண்ணின் வயதும் இந்த மண்ணின் வயதும் ஏறக்குறைய ஒன்று என்பது நினைவுக்கு வந்ததும் ஆசை வந்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலில் அடைத்து எடுத்துப் போனேன்.

அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் கிளம்பிப் போனபின், ஊர் நினைப்பு தாங்காமல் அதை ஆய்வுக்கூடத்துச் சல்லடையிலேயே கழுவினேன். கழுவும்போது எழுந்த மண்வாசனைக்கு அழுகையே வந்துவிட்டது. பதிவேட்டில் எழுதவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று, தங்கியதைச் சரியாகப் பார்க்காமல்கூட தொட்டியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் தொழிலில் மீறக் கூடாத பழக்கம் ஒன்று உண்டு. ஒரு மண்ணைக் கழுவி முடித்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். சல்லடைக் கண்ணில் பழைய ஓடு ஏதாவது சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த மண்ணோடு கலந்தாலும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை நான் சாயத்தில் முக்கினேனா? எத்தனை தடவை யோசித்தாலும், முக்கியதாக நினைவே இல்லை.

திங்கட்கிழமை அதே சல்லடையில் அன்யாவின் மண்ணைக் கழுவினேன். அன்யா போலந்துக்காரப் பெண். நான்கு வருடமாகத் தென்முனைக் கடலைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உழைக்கிறாள். இரண்டு வாரம் கழித்து அடித்தளத்துக்குப் படி தாவி ஓடிவந்தாள். ஓரத்தில் வரப்பு கட்டினாற்போல விளிம்பு ஓடுகிற ஓடுகள் ஏழு அவளுக்குக் கிடைத்திருந்தன. வெதுவெதுப்பான கடலில்தான் அந்த வகை இருக்கும். தென்முனையில் அத்தனை பக்கத்தில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றுகூட நீலம் இல்லை. "சுத்தமாகக் கழுவிக் கொடுத்தது நீதானே" என்று மறுநாள் கசகசா அடைத்த கேக் செய்துகொண்டு வந்தாள். நான் சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு தின்றேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். கோழை நான். தம்பி காட்டு மண்ணில் அந்த விளிம்பு ஓடு இல்லையென்றால் சொல்லவே தேவையில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் அவள் ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசப்போகிறாள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கழுவிக் காயவைத்த சல்லடை ஒன்றும், கைப்பேசியில் மாட்டிப் பார்க்கும் உருப்பெருக்கி ஒன்றுமாகப் பெட்டியைக் கட்டினேன்.

வந்து இறங்கிய அன்று தம்பி வீட்டில் சோறு, சின்ன வெங்காய சாம்பார், கருவாட்டுத் தொக்கு. எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை உரிக்காமல் அப்படியே போட்டாலும் சாம்பார் மணக்கும். ஜெர்மனியில் வெங்காயம் முஷ்டி அளவு இருக்கிறது, குணம் ஒன்றும் கிடையாது. மூன்று முறை சாதம் வாங்கிக்கொண்டேன். கை கழுவியதும் குமரேசனிடம் கேட்டேன், "போர் போட்டப்ப வந்த மண்ணு எங்கடா கெடக்கு?"

"அதுவா? பண்ணைக்குட்டை ஒழுகுச்சுக்கா. களிமண்ணு நல்லா ஒட்டுமேன்னு மொத்தத்தையும் வாரி அடியில போட்டு ஆட்டை வுட்டு மிதிக்க வெச்சுட்டேன். இப்ப சொட்டுத் தண்ணி எறங்கல, வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். குட்டை நிறையத் தண்ணீர். டைனோசர் காலத்துக் கடல்தரை, ஆட்டுப் புழுக்கையோடு சேர்ந்து அதன் அடியில் கிடந்தது. கோபம் கோபமாக வந்தது. அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் "நல்ல வேலை செஞ்ச" என்றுதான் சொல்ல முடிந்தது.

என் முகத்தைப் படித்தவள் அவன் மனைவி செல்வி. "அண்ணி, அரியலூர்ல போர் ஏஜென்ட்டு சலீம் பாய் இருக்காருல்ல, அவரு ஒவ்வொரு போருக்கும் மண்ணு எடுத்துக் கட்டி வெப்பாரு. போய்க் கேளுங்களேன்" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து செல்வி எனக்குக் குலதெய்வம்.

மறுநாள் அரியலூர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. என் தலைமுடியில் ஒரு படலம் வெள்ளை. அந்தச் சுண்ணாம்பும் பழைய கடலில் செத்த சிப்பிகள்தான், இப்போது சிமென்ட்டாகி ஊர் ஊராகப் போகிறது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு ஜன்னலை மூடினார்.

சலீம் பாயின் கடை தகரக் கொட்டகை. உள்ளே போனதும் வாயைப் பிளந்துவிட்டேன். சுவர் நெடுக ஆணி, ஆணிக்கு ஆணி மண் பொட்டலங்களைக் கோத்த சரம். ஷாம்பு சாஷே தொங்குகிற மாதிரி, மேலே பத்தடி மண், கீழே இறங்க இறங்க ஆழத்து மண். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டிய ஒரு சீட்டு, அதில் ஊர், ஆள், அடி. கூடவே கடையின் போன் நம்பர். ஜெர்மனியில் கடல்மண்ணைக் காக்க, குளிரூட்டிய பெரிய கூடமே கட்டியிருக்கிறார்கள். ஸ்வெட்டர் இல்லாமல் உள்ளே போக முடியாது. இங்கே ஒரு மேசை விசிறி.

"எதுக்கு பாய் இதெல்லாம் வெச்சிருக்கீங்க?"

"இத்தன அடிக்கு ஏன் பைப்பு எறக்குனன்னு பின்னாடி சண்டைக்கு வருவாங்கம்மா. மண்ணை எடுத்துக் காட்டுனா வாய மூடிக்குவாங்க. மண்ணு பொய் சொல்லாதுல்ல." ஏணி போட்டு ஏறி, ஒரு சரத்தைக் கையில் எடுத்தார். "குன்னம், குமரேசன். இந்தா, நூத்தியெம்பது. அல்லா புண்ணியத்துல எலி கடிக்கல." கைப்பிடி அளவு இருந்தது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார். தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். பொட்டலத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் "பையைக் குடு, நான் வெச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். நம் ஊர் பஸ்ஸில் நிற்கிறவரின் பை உட்கார்ந்திருப்பவர் மடிக்குப் போய்விடும், பெயர்கூடக் கேட்பதில்லை. ஜெர்மனியில் அப்படிக் கையை நீட்டினால் திருடியென்று பயப்படுவார்கள். அந்த அம்மாவின் மடியில் என் பையோடு இன்னும் நான்கு பைகள் இருந்தன. குன்னத்தில் இறங்கும் அவசரத்தில் அவர் நீட்டிய மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு குதித்தேன்.

பையைத் திறந்தபோது பொட்டலத்தில் எழுத்து எதுவும் இல்லை. பாயின் சீட்டு வழியில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளவே விரும்பினேன் என்பதுதான் உண்மை. பாதி மண்ணைச் சலவை சோடாத் தண்ணீரில் ஊறவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மோட்டார் ஓடும் நேரம் பார்த்து, வாய்க்காலில் உட்கார்ந்து கழுவினேன். எவர்சில்வர் தட்டில் காயவைத்து, உருப்பெருக்கியில் பார்த்தேன். ஓர் ஓடுகூட இல்லை. விளிம்பு உள்ளதும் இல்லை, இல்லாததும் இல்லை. எழுந்து நின்று சிரித்தேன். அன்யா பிழைத்தாள், நான் பிழைத்தேன். செல்வியைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தேன். "அண்ணி, என்னாச்சு உங்களுக்கு?" என்று அவள் விலகி நின்று பார்த்தாள்.

பிறகு மறுபடி குனிந்து பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம், கண் சும்மா இருக்காது. காக்காப்பொன் மினுமினுத்தது. ஆற்று மணல். ஒரு நெல் உமி. நூற்றெண்பது அடி ஆழத்தில் யார் நெல் குத்தினார்கள்? இது போர் மண்ணே அல்ல. கொள்ளிடக்கரை வண்டல். பஸ்ஸில் மஞ்சள் பை மாறியிருக்கிறது.

இதை இங்கே மறைக்க விரும்பவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கால்மணி நேரம் நின்றேன். 'பார்த்தேன், இல்லை' என்று சொன்னால் யாரால் மறுக்க முடியும்? குட்டையில் போன மண் போனதுதான். பையும் போனதுதான். நான் தேடினேன், கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

அப்போது சலீம் பாய் போன் செய்தார். "ஏம்மா, பெரம்பலூர்லேர்ந்து ஆரோக்கியமேரின்னு ஒரு அம்மா பேசுது. மண்ணைப் பூசிட்டேன், என் முட்டிக்கு செபம் பண்ணுங்க ஃபாதர்ங்குது. நான் ஃபாதரு இல்லம்மா, போர் ஏஜென்ட்டுங்குறேன், கேக்கவே மாட்டேங்குது. மண்ணு எங்க கெடைச்சுதுன்னு கேட்டா பையில இருந்துச்சுங்குது. உங்க பொட்டலந்தான்னு நெனக்கிறேன்."

"நீங்க என்ன சொன்னீங்க பாய்?"

"பாவம், வலின்னு சொல்லுது. சரிம்மா, துவா செய்யுறேன்னு சொல்லிட்டேன். செஞ்சும்புட்டேன்."

பாயின் சீட்டு ஒட்டிய பொட்டலம், பஸ்ஸில் என் பையை மடியில் வைத்திருந்த அந்த அம்மாவிடம் இருந்தது. அவருடைய பொட்டலம் என்னிடம். அதில் பாதி வாய்க்காலோடு போயிருந்தது.

நான்காம் நாள் பெரம்பலூருக்குப் போனேன். போகிற வழியில் பஸ் டயர் பஞ்சரானது. இறங்கி நின்றவர்களுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டு ஆளுக்கொரு மக்காச்சோளக் கதிர் சுட்டுக் கொடுத்தார். அந்த அரைமணி நேரம் யாரும் நேரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் துறைமுக ஊரில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் மன்னிப்பு அறிவிப்பு வரும், சோளம் வராது.

ஆரோக்கியமேரிக்கு என் வயதுதான் இருக்கும். தையல்காரர். மிஷினை மிதித்து மிதித்து வலது முட்டி போய்விட்டது. கொள்ளிடக்கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய், பூசினால் வலி தீரும் என்ற நம்பிக்கையில் அங்கிருந்து மண் எடுத்து வந்திருந்தார். முட்டியில் சாம்பல் நிறத்தில் பூச்சு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு அது எந்த மண் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"கோயில்லயே போன் நம்பரு ஒட்டிக் குடுக்குறாங்கன்னு நெனச்சேன் போ. இந்தக் காலத்துல எல்லாத்துலயும் நம்பரு இருக்குல்ல" என்று சிரித்தார். மிச்சப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது. "எம் மண்ணு எங்க?"

பையை நீட்டினேன். அவர் கையால் தூக்கிப் பார்த்தார். "கொறையுதே?"

வழியிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், பொட்டலம் ஓட்டையாகி மண் கொட்டிவிட்டது என்று. வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "கழுவிட்டேங்க."

"என்னது, மாதா மண்ணைக் கழுவுனியா? எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஊறுகாய் பாட்டில், சல்லடை, நீலச் சாயம், அன்யா, கேக் எல்லாம். கடைசியில் அந்தக் கால்மணி நேரத்தையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. கால் வலியோடு மூன்று பஸ் மாறிப் போய் எடுத்துவந்த மண். கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வயிறு எரியுதுதான்" என்றார். "ஆனா நீ எங்கயாச்சும் ரோட்டோரத்துல ஒரு கை அள்ளிப் போட்டு நெரப்பிக் குடுத்துருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது. அதையே பூசிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். அந்தப் புள்ளையும் இப்ப அப்படித்தான ஒக்காந்திருக்கு."

எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கழுவு. நானும் பாக்குறேன்."

அவருடைய வாசல்படியில் உட்கார்ந்து, அவர் வீட்டுச் சலவை சோடாவைப் போட்டு ஊறவைத்தேன். அதற்குள் அவர் இட்லியும் மீன்குழம்பும் எடுத்துவைத்தார். பாவமன்னிப்புக்குப் பின் சாப்பிட்ட மீன்குழம்பு, அதன் ருசியை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. மத்தியானம் கழுவினேன். வெயிலில் தட்டு சீக்கிரம் காய்ந்தது. கைப்பேசியில் உருப்பெருக்கியை மாட்டிக் குனிந்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வட்ட வட்டமாக, ஓரத்தில் வரப்பு ஓட, அந்த ஓடுகள் ஒன்றல்ல, பத்தல்ல, கொட்டிக்கிடந்தன.

"இருக்கா?" என்றார் ஆரோக்கியமேரி.

"இருக்கு."

அவரும் குனிந்து பார்த்தார். "யம்மா, என்ன அழகு! இதையா நான் முட்டியில பூசுனேன்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, என் கைப்பேசியை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

அங்கேயே வாசல்படியில் இருந்து அன்யாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு அது காலை நேரம். "இந்த விளிம்பு ஓடு என் தம்பி காட்டு மண்ணில் நிறைய இருக்கிறது. உன் ஏழும் அதுதான் என்று நினைக்கிறேன். என் தப்பு. சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எனக்கு இப்போது உன்மேல் ரொம்பக் கோபமாக இருக்கிறது" என்றாள். "இரு, கொஞ்ச நேரம் கோபமாக இருந்துவிட்டுக் கூப்பிடுகிறேன்." ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "நான் மேடையில் ஏறிப் பேசுவதற்குள் சொன்னாயே, நன்றி. அதே ஆழத்தில் இன்னும் ஒரு விரற்கடை மண் மிச்சம் இருக்கிறது. நீதான் வந்து கழுவ வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்."

பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஆரோக்கியமேரி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். ஜெர்மனிக்குத் திரும்புமுன் குமரேசனையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் போனேன். கோயிலில் கேட்டு ஒரு பை நிறைய மண் வாங்கிவந்து அவரிடம் கொடுத்தேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பாயி துவா செஞ்சதுலேர்ந்து தேவலாம்" என்றார்.

அன்யாவின் விரற்கடை மண்ணை, அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, புதுச் சல்லடையில் கழுவினேன். அதற்கு முன் சல்லடையை நீலத்தில் முக்கினேன், பிறகு இன்னொரு முறை முக்கினேன். அதில் விளிம்பு ஓடு ஒன்றுகூட இல்லை. குளிர்ந்த கடலின் விளிம்பில்லாத, மொழுக்கையான ஓடுகள் மட்டும். அவளுடைய வெதுவெதுப்பான தென்முனை அன்றோடு போனது. பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் பிடிக்கும் என்றாள். கருத்தரங்கில் குளிர்ந்த கடலைப் பற்றியே பேசினாள். கேள்வி நேரத்தில் அந்த ஏழு ஓடுகள் என்னாயின என்று ஒருவர் கேட்டதற்கு, "சல்லடையில் கலந்த வேறு மண், நாங்களே கண்டுபிடித்துவிட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஏழையும் அவள் தூக்கிப் போடவில்லை. பழைய சீட்டை உரித்துவிட்டு, புதுச் சீட்டோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். "உன் தம்பி ஊரை எப்படி எழுதுவது?" என்று கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டாள். எங்கள் கூடத்தில் தென்முனைக் கடல்களின் இழுப்பறை ஒன்று இருக்கிறது. அதன் கடைசித் தட்டில் இப்போது ஒரு சின்னப் பெட்டி. மேலே அவள் கையெழுத்தில்: குன்னம், குமரேசன் காடு, நூற்றெண்பது அடி.